வசம்பு வாசம் ஏறிய சுருட்டு

சுருட்டு ருசி பார்க்கும் மேஜையில் உட்கார்ந்த முதல் நாள், ‘காரம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘இருக்கிறது’ என்று எழுதினேன். மானேஜர் சுந்தரம் பிள்ளை அதைப் படித்தார்.

“கருப்பையா, எம்புட்டுக் காரம்னு கேட்டா, இருக்குதுங்கிற. இல்லைன்னு எழுதாம விட்டியே, அதுவரைக்கும் சந்தோஷம்.”

அதற்குள் நான் புகையை விழுங்கிவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மற்றக் கட்டங்களையும் நிரப்பினேன். ‘வாயில் மிஞ்சுவது’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் எழுதியதை இங்கே சொல்லவேண்டாம்.

இந்த மேஜைக்கு இப்போது புதிதாக இரண்டு பேர் வரப்போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சுருட்டைப் பற்றி அவர்கள் மேஜையிலேயே கற்றுக்கொள்ளலாம். நான் செய்த தவற்றை மட்டும் யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. என்னை ஏன் எடுத்தார்கள்

எனக்கு ஊர் திருவாதவூர். அப்பா பிறர் வயலில் வேலை செய்கிறவர். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் ஆள் நான்தான். சிம்மக்கல்லில் இருந்த இந்தச் சுருட்டுக் கம்பெனிக்குக் குமாஸ்தா வேலை கேட்டு வந்தேன். மானேஜர் என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என் பல்லைப் பார்த்தார்.

“வெத்தலை போடுவியா?”

“இல்லை சார்.”

“பீடி? பொடி?”

“இல்லை சார்.”

“பொய் சொல்லலையே? சரி, நாக்கைக் காட்டு.”

காட்டினேன். “எழுதாத சிலேட்டு மாதிரி இருக்கு. இங்கிலீஷும் எழுதுவ. ருசி மேஜையில உக்காரு” என்றார். புகை குடிக்காத காரணத்தால் புகை குடிக்கும் வேலை கிடைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கம்பெனியில் இரண்டு ரகம். நாட்டு ரகத்துக்கு இலையைக் கருப்பட்டித் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அது உள்ளூரில் விற்கும். மற்றது மைல்டு. அதற்கு இலை மட்டும்தான். வேறு எதையும் சேர்க்கக் கூடாது. அது சென்னை ஏஜெண்டு வழியாகத் துரைமார்களின் கிளப்புகளுக்குப் போகும். நாட்டுச் சுருட்டில் எந்தக் குற்றமும் காரத்துக்குள் ஒளிந்துகொள்ளும். மைல்டில் ஒளிய இடம் கிடையாது.

அப்பாவுக்கு ஒரு மைல்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி வரை பொறுமையாகக் குடித்தார். “என்னப்பா இது, பத்தவச்சுப்புட்டுக் காத்தைக் குடிச்ச மாதிரி இருக்கு” என்றார். மானேஜரிடம் இதைச் சொன்னேன். மைல்டுக்கு இதைவிடச் சரியான விளக்கம் தான் கேட்டதில்லை என்றார்.

2. முறை

மேஜையில் நாங்கள் மூவர். மானேஜர், மேஸ்திரி காதர் ராவுத்தர், நான். எச்சில் ஆகாது என்பதால் ஒரே சுருட்டைக் கை மாற்றுவதில்லை; ஒரே கட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று. காலையில் காபி, வெங்காயம், ஊறுகாய் எதுவும் தொடக் கூடாது. முதலில் சுருட்டைக் காதோரம் வைத்து விரலால் லேசாக அழுத்த வேண்டும். சலசலத்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பற்றவைக்காமல் ஒரு இழுப்பு. பிறகு தீ. புகையை வாயில் நிறுத்தி, நாக்கின் மேல் உருட்டி, கொஞ்சத்தை மூக்கு வழியாக விட வேண்டும். விழுங்கக் கூடாது. சாம்பலைத் தட்டக் கூடாது. அது எவ்வளவு நீளம் தானாக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நடுநடுவே பச்சைத் தண்ணீரும் ஒரு கை பொரியும்.

ஆறு மாதத்தில் எனக்கு எல்லாம் படிந்தது. “தம்பிக்கு இப்ப மூக்கு முளைச்சிருச்சு” என்று ராவுத்தர் நாலு பேரிடம் சொன்னார். நானும் நம்பினேன்.

3. வண்டு

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. சரக்கறையில் வைத்திருந்த மைல்டு பெட்டிகளில் வண்டு விழுந்தது. மேல் இலையில் ஊசி குத்தினாற்போல ஓட்டை போடும் வண்டு. ஓட்டை விழுந்த சுருட்டில் இழுப்பு நிற்காது. வெயிலில் போடலாம் என்றால் வெயிலும் இல்லை, போட்டாலும் மேல் இலை வெடித்துவிடும்.

“படிச்சவன்தான நீ, ஏதாவது பண்ணு” என்றார் மானேஜர்.

நான் படித்ததில் வண்டைப் பற்றி எதுவும் இல்லை. ஆனால் என் பள்ளிச் சர்ட்டிபிகேட்டை அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த முறை நினைவுக்கு வந்தது. பெட்டியின் மூலையில் துணியில் முடிந்து வசம்பு போட்டிருந்தாள். அந்தக் காகிதத்தை ஒரு பூச்சி தொட்டதில்லை. நாட்டுமருந்துக் கடையில் வசம்பு வாங்கி, இடித்து, சிறு முடிச்சுகளாகக் கட்டி, பெட்டிக்கு ஒன்றாகச் சுருட்டுகளுக்கு நடுவே வைத்தேன். இருபது நாள் கழித்து எல்லா முடிச்சையும் எடுத்துவிட்டேன். புது ஓட்டை ஒன்றுகூட இல்லை.

“என்ன செஞ்ச?” என்று மானேஜர் கேட்டார்.

“சில ஏற்பாடு செய்தேன், சார்” என்றேன்.

வசம்பு என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை பெற்ற வீட்டில் கல்லில் உரசிக் கொடுக்கும் சாமான் அது. இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதுகிறவன் அதைச் சொல்வது கௌரவமாக இருக்காது என்று நினைத்தேன். காரணம் அவ்வளவுதான்.

4. பாஸ்

வழக்கம்போல மூவரும் உட்கார்ந்து அந்தச் சரக்கை ருசி பார்த்தோம். சாம்பல் ஒரு விரல்கடை நின்றது. காரம் அளவு.

“வாய்க்கு இதமா இருக்குய்யா. ஏன்னு சொல்லத் தெரியலை” என்றார் ராவுத்தர்.

மானேஜர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றரைச் சுருட்டு குடித்தார். ஒன்றுக்கு மேல் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் மனசு அமைதியாக இருந்தது. ‘வாசம்’ என்ற கட்டத்தில் ‘இதமானது, பழகியது’ என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கம்பெனியில் அதுவரை எந்தச் சரக்கும் அவ்வளவு நல்ல பேர் வாங்கியதில்லை.

5. சென்னையிலிருந்து வந்த பெட்டி

மூன்றாவது வாரம் ஏஜெண்டிடமிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. கூடவே கடிதம். சுருட்டில் மருந்துப் பெட்டியின் வாசம் அடிக்கிறதாம். கிளப்பில் ஒரு துரை, தனக்கு என்ன வியாதி என்று கேட்டாராம். காரணத்தை எழுத்தில் தெரிவிக்காவிட்டால் இனிமேல் சரக்கு எடுக்கமாட்டார்கள்.

நாங்கள் மூவரும் மறுபடி மோந்து பார்த்தோம். மருந்து எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இதைத் தம்பிகள் நம்ப வேண்டும். வைத்தவனே நான், என் மூக்குக்கே அது படவில்லை.

“இலையில ஒண்ணுமில்ல. அப்ப பசைதான்” என்றார் மானேஜர். சுருட்டின் தலையை ஒட்டும் பசைதான் வாயில் படுகிறது. அதைக் காய்ச்சுகிறவள் பேச்சியக்கா. வண்டியூரிலிருந்து நடந்து வருவாள். கைப்பிள்ளைக்காரி. பசைக் கொட்டகையிலேயே தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருப்பாள். புருஷன் இல்லை. அந்தப் பசைச் சட்டிதான் இரண்டு பேருக்கும் சோறு.

“பசை கெடாம இருக்கத் துத்தம் கித்தம் போட்டியா?” என்று மானேஜர் கொட்டகைக்கே போய்க் கேட்டார்.

“தினம் நாந்தேன்யா நக்கிப் பாக்கேன். துத்தம் போட்டிருந்தா இந்நேரம் என்னையத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பீக.”

“வாயை மூடிட்டு இதை மோந்து பாரு.”

பெட்டியைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் ஒரே மூச்சுதான் இழுத்தாள்.

“இது பிள்ளை வாசமுல்ல.”

“என்ன வாசம்?”

“பச்சப்பிள்ளை வாயில அடிக்குமே, அந்த வாசம். பேர் சொல்லாதது.”

எங்கள் பக்கத்துப் பெண்கள் வசம்பைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பேர் சொல்லாதது என்றால் அதுதான். மானேஜர் பெட்டியை மூக்குக்குக் கொண்டுபோனார். ராவுத்தர் வாங்கி மோந்தார். இரண்டு பேர் முகமும் மாறியது. நான் வைத்த முடிச்சுகள் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

மானேஜர் தூளியைப் பார்த்தார். பிள்ளையின் கையில் வசம்புக் காப்பு கட்டியிருந்தது. ஓரத்தில் உரசுகிற கல்.

“அதானே பாத்தேன். பிள்ளைக்கு ஒரசிக் கொடுத்த கையோட பசையைக் கிண்டியிருக்க.”

“அய்யா, கையைக் கழுவாம நான் சட்டியத் தொட்டதில்லய்யா!”

“வாசத்தை நீயே சொல்லிட்ட. இனிமே என்ன பேச்சு? நாளையிலிருந்து வர வேண்டாம்.”

அவள் ராவுத்தரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கையில் நோட்டை வைத்துக்கொண்டு நின்றேன். தூளியை அவிழ்த்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். அதனாலேயே வேலை போனது.

6. பதில் கடிதம்

“ஏஜெண்டுக்கு நீயே பதில் எழுது. பசை காய்ச்சுகிறவளின் கவனக்குறைவு, ஆளை நீக்கிவிட்டோம், இனி நேராது. பதமா எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டா” என்றார் மானேஜர்.

இரண்டு நாள் அந்தக் கடிதத்தை எழுதினேன். ‘கவனக்குறைவு’ என்பதற்கு எனக்கு மூன்று இங்கிலீஷ் வார்த்தை தெரியும். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும். திருவாதவூரில் அப்பா, மகன் கம்பெனியில் எழுதுகிற வேலை பார்க்கிறான் என்று எதிரே வருகிறவர்களை நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லாவிட்டால் பசைக் கொட்டகை காலியாகக் கிடக்கும். தினம் அதைத் தாண்டித்தான் மேஜைக்குப் போக வேண்டும்.

மூன்றாம் நாள் காலை வேறு கடிதம் எழுதினேன். வண்டு விழுந்தது, நான் வசம்பு வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை, பசையில் குற்றமில்லை. நீங்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று ஏஜெண்டு கேட்பார் அல்லவா? அதற்கும் ஒரு வரி சேர்த்தேன்: ‘ருசி பார்த்த மூவருக்கும் கைக்குழந்தையாக இருக்கையில் இந்த மருந்து புகட்டப்பட்டிருப்பதால், இது அந்நியமான வாசமாகத் தெரியவில்லை.’

மானேஜர் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

“இது என்ன?”

“லெட்டர், சார்.”

“அது தெரியுது. அன்னைக்கே ஏன் சொல்லலை?”

“பயம், சார்.”

“இப்பப் போயிருச்சா?”

“இல்லை, சார்.”

மானேஜர் கடிதத்தை மேஜைமேல் வைத்தார். பேனாவை எடுத்து ‘மூவருக்கும்’ என்பதை அடித்து ‘இருவருக்கும்’ என்று திருத்தினார். “என் பேரு இதுல வேண்டாம்” என்றார். கையெழுத்துப் போட்டார். “இன்னையிலிருந்து சரக்கறைக் கணக்கு எழுது. மேஜைப் பக்கம் வராதே. முதல்ல அந்தப் பொம்பளையப் போயிக் கூட்டிட்டு வா.”

7. வண்டியூர்

பேச்சியக்கா வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். முறம் நிற்கவில்லை.

“நீதேன் வச்சதா?”

“ஆமாக்கா.”

“எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னியேடா. நாலெழுத்துப் படிச்ச பிள்ளை, வாயத் தொறப்பேன்னு பாத்தேன்.”

“மறுபடி வேலைக்கு வாருங்கள், அக்கா” என்றேன். 

“வரமாட்டேன். சுருட்டுச் சுத்துற கூடத்துல அம்புட்டுப் பேரும் என்னய அழுக்குக் கைக்காரின்னு பேசுறாகளாம். உங்க மானேஜர் ரூம்புக்குள்ள சொன்னா அது கூடத்துக்குக் கேக்குமா?”

“கூடத்தில் சொல்கிறேன்.”

“சத்தமாச் சொல்லணும்.”

மறுநாள் சுருட்டுச் சுற்றும் கூடத்தில், நாற்பது பேர் முன்னால், நின்று சொன்னேன். பேச்சியக்கா பிள்ளையோடு கதவோரம் நின்று கேட்டாள். பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருவர், “மாப்ள, அடுத்த தடவை கிரைப் வாட்டரும் ஊத்திரு” என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. பேச்சியக்கா சிரிக்கவில்லை. கடைசி வரிசைக்காரரைப் பார்த்து, “அன்னைக்கு என்னயப் பேசுனது நீதேன?” என்றாள். சிரிப்பு நின்றது. பிறகு கொட்டகைக்குப் போய், பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு அடுப்பை மூட்டினாள்.

8. இப்போதைய முறை

ஏஜெண்டு அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். அடுத்த சரக்கை எடுத்தார். ஒரு வருஷம் கழித்து மானேஜர் என்னை மறுபடி மேஜைக்குக் கூப்பிட்டார். அதற்குள் புது ஏற்பாடு ஒன்று வந்திருந்தது. மூவரும் ருசி பார்ப்பதற்கு முன் பெட்டி பசைக் கொட்டகைக்குப் போக வேண்டும். பேச்சியக்கா மோந்து பார்த்துச் சொல்வதுதான் முதல் வரி.

தம்பிகள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மோசமான சுருட்டு உங்களை ஏமாற்றாது. நாக்கு உடனே சொல்லிவிடும். ஒரு சுருட்டு உங்களுக்கு மிகவும் பிடித்துப்போனால் பேனாவைக் கீழே வையுங்கள். அதில் எவ்வளவு சுருட்டுடையது, எவ்வளவு உங்களுடையது என்று பாருங்கள். தனியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேறொரு மூக்கு வேண்டும். அந்த மூக்கு கசப்பானதைச் சொன்னால், சொன்னவர் மேல் பாயாதீர்கள். காரணம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த நிமிஷமே வாயைத் திறந்துவிடுங்கள். மூன்று நாள் கழித்துத் திறப்பது மிகவும் கஷ்டம்.

நான் திரும்பி வந்த பிறகு முதல் பெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பேச்சியக்கா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டு மோந்தாள்.

“புகையிலை வாசம்தேன். வேற ஒண்ணுமில்ல. எழுதிக்க.”

எழுதினேன்.

“என்ன எழுதுன? வாசி.”

இங்கிலீஷில் வாசித்து, தமிழிலும் சொன்னேன்.

“இன்னொருக்கா வாசி.”

வாசித்தேன். தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இப்போது ஆறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு தடவை வாசிக்கிறேன்.