எஸ்ரா பக்கிள் ஆள் எப்படி?

ஃப்ரீமான்ட்டில் மயில்சாமியிடம் கேட்காமல் எந்தத் தமிழ் வீட்டிலும் கல்யாணம் நிச்சயம் ஆனதில்லை என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. கொஞ்சம்தான். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். பகலில் சன்னிவேலில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பார். மிச்ச நேரத்தில் மாப்பிள்ளைகளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பார். முதல் வேலைக்கு மட்டும்தான் சம்பளம்.

"பையன் வீட்டுலயே போய்க் கேட்டா என்னத்தச் சொல்லுவாங்க? எதுத்தாப்புல இருக்கற சலூன்ல கேக்கோணும்" என்பார். ஊரில் சலூன், பெட்டிக்கடை, இஸ்திரி வண்டி. இங்கே கோயில் பார்க்கிங் லாட், கம்பெனி ஷட்டில் பஸ் நிற்கும் இடம். மவுரி அவென்யூவில் மளிகைக் கடை நடத்தும் அனந்தராமனின் மகன் ஆர்யன் சிகரெட் பிடிக்கிறான் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார். கேட்ட பெண் வீட்டாரிடம் சொல்லியும் விட்டார். அந்தச் சம்பந்தம் நின்றது. காய்கறி வாங்கினால் அனந்தராமன் சும்மா போட்டுத் தரும் கறிவேப்பிலையும் நின்றது. மயில்சாமியின் மகள் ஓவியா சனிக்கிழமைகளில் அதே கடையில் கல்லாவில் நிற்பாள். அவளிடம் அனந்தராமன் பேசுவார். அவள் அப்பாவிடம் மாட்டார்.

1999 ஏப்ரலில் ஓவியாவுக்கு டென்னஸி மலைக்குள் ஒரு சின்னக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பெயர், எஸ்ரா பக்கிள் காலேஜ். அவளுக்கு சாலமாண்டரைப் பற்றிப் படிக்க ஆசை. பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஈரத்தில் வாழும், அந்த மலைகளில் வகைவகையாக உண்டு.

"பல்லியக் கண்டா சேர் மேல ஏறி நிப்பா. இப்ப அதப் படிக்க மலைக்குப் போறாளாமா" என்றாள் அம்மா கண்மணி.

மயில்சாமியின் கவலை வேறு. "ஆரு இந்த எஸ்ரா பக்கிள்? ஆள் எப்படி, குடும்பம் எப்படி? ஒண்ணுந் தெரியாத எடத்துக்குப் புள்ளைய அனுப்பறதா? விசாரிக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"அப்பா, ஐ'ம் நாட் மேரியிங் த காலேஜ்!" என்று ஓவியா கத்தினாள். மே முதல் தேதிக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும். அப்புறம் வீட்டிலிருந்தே போய்வரும் கல்லூரிதான் என்று அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அப்பாவும் மகளும் விமானத்தில் போய் இறங்கி, வாடகைக் காரில் மலை ஏறினார்கள். கேம்பஸ் வாசலில் அவளை இறக்கிவிட்டு, "நீ போ சாமி, நான் பார்க் பண்ணீட்டு வர்றேன்" என்றார் மயில்சாமி. பார்க் பண்ணியது எதிர்த்தாற்போல் இருந்த சலூன் வாசலில்.

சலூன்காரர் பெயர் ரஸ்ஸல். பேசியது ஆங்கிலம்தான், கேள்விகள் அசல் பொள்ளாச்சி.

"குடி உண்டா?"

"யாருக்கு, எனக்கா?"

"எஸ்ரா பக்கிளுக்கு."

"அவர் செத்து நூறு வருஷம் ஆச்சு."

"அதுக்கு முன்னாடி?"

ரஸ்ஸல் கத்தரியை நிறுத்தி யோசித்தார். குடி, ஐம்பது வயசு வரைக்கும் உண்டு. தொழில், கோவேறு கழுதை வியாபாரம். நரைத்த கழுதைக்கு மை பூசி இளசு என்று விற்றிருக்கிறார். கையெழுத்துப் போடத் தெரியாது.

மயில்சாமிக்கு வியர்த்தது. முடிவெட்டு முடிந்தால் பேச்சும் முடிந்துவிடும். "இன்னும் கொஞ்சம் வெட்டுங்க. அப்புறம் எப்படி அவர் பேர்ல காலேஜ்?"

"நாலு பொண்ணுங்க. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு ஒரே அழுகை. அவருக்கு அனுப்ப மனசு வரல. ஒரு டீச்சரம்மாவைக் கழுதை மேல ஏத்திக் கூட்டிட்டு வந்து, கொட்டகையைக் காலி பண்ணி அங்கேயே பள்ளிக்கூடம் வச்சுட்டார். அதுதான் இது."

மயில்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். இது நம்மாளு! "இன்னும் கொஞ்சம் வெட்டுங்க. பொண்ணுங்க படிச்சாங்களா?"

"நல்லா படிச்சாங்க. படிச்சு முடிச்சதும் நாலு பேரும் மலையைத் தாண்டிப் போயிட்டாங்க."

ரஸ்ஸல் மெஷினை எடுத்து மிச்சமிருந்த முடியையும் வழித்தார்.

"திரும்பி வந்தாங்களா?"

"கிறிஸ்துமஸுக்கு வந்தாங்க." ரஸ்ஸல் துணியை உதறினார். "நீங்க அந்த சாலமாண்டர் பொண்ணோட அப்பாதானே?"

மயில்சாமி திடுக்கிட்டார்.

"அட்மிஷன் ஆபீஸ்ல இருக்கறது என் தங்கச்சி. உங்க பொண்ணைப் பத்தி விசாரிக்க, அவ வேலை பார்க்கற கடைக்குப் போன் பண்ணினா. கடைக்காரர் சொன்னாராம், பொண்ணு தங்கம், யோசிக்காம எடுத்துக்குங்க. ஆனா அப்பா ஒருத்தர் வருவார். ஆபீஸுக்கு வரமாட்டார், எதிர்த்த சலூனுக்குத்தான் போவார். கேட்டா பொய் மட்டும் சொல்லிடாதீங்க, கண்டுபிடிச்சிடுவார். என் பையனையே கண்டுபிடிச்சார்னு."

இத்தனை வருஷத்தில் மயில்சாமி குடும்பத்தை யாரும் விசாரித்ததில்லை. கூச்சமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. விசாரித்துச் சேர்க்கிற இடம் கெட்ட இடமாக இருக்காது.

வெளியே காத்திருந்த ஓவியா அவர் தலையைப் பார்த்து அலறினாள். "அப்பா! வாட் ஹேப்பண்ட்?"

"விசாரிச்சேன்."

"அண்ட்?"

"குடி இருந்திருக்குது. ஏவாரத்துல நேர்மை பத்தாது."

அவள் முகம் சுருங்கிப்போனது.

"ஆனா பெத்த புள்ளைக மேல உசுரு. போய்ப் படி. கிறிஸ்துமஸுக்கு வந்தரோணும்."

"அதுக்கு முன்னாடி தேங்க்ஸ்கிவிங்குக்கும் வருவேன்ப்பா" என்றாள். அவளாகத் தமிழில் பேசியது அவரைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. கார் சாவியைத் தேடுவதுபோல் எல்லாப் பாக்கெட்டையும் துழாவினார்.

அடுத்த சனிக்கிழமை கடையில் அனந்தராமன் கத்திரிக்காயை நிறுத்தபடி அந்த மொட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சார், பழனியா?"

"இல்லீங்க. காலேஜ் பாக்கப் போயிருந்தனுங்க."

அனந்தராமன் சிரிக்கவில்லை. குனிந்து, ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்துப் பையில் போட்டார்.

"ஆர்யன் சிகரெட்டை விட்டுட்டான். வேணும்னா போய் விசாரிச்சுக்குங்கோ."