வீரய்யா வாங்கிய பெயிண்ட்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து வீரய்யாவுக்குப் பிறப்புப் பதிவு எடுத்ததே பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நேரத்தில்தான். அந்த ஒரே தாளோடு ஐம்பத்திரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார். அவருடைய வேனுக்கு அது நடக்காது. அதற்கு வருடா வருடம் தாள் வேண்டும். புகை பார்த்த தாள், காப்புறுதித் தாள், வரி கட்டிய தாள், பிரேக்கும் சீட்டும் சரி என்று சோதனை அதிகாரி கையெழுத்துப் போட்ட தாள். எல்லாவற்றுக்கும் மேலே, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றலாம் என்கிற அனுமதித் தாள்.

"எம் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நான் இத்தன ஜாதகம் தூக்கிக்கிட்டு அலையல" என்பார்.

சொந்தத் தொழில் என்றால் ராஜா மாதிரி என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். "ஆமாங்க, மொதலாளியும் நான்தான், டிரைவரும் நான்தான், டயரு வெடிச்சா ஒக்காந்து அழுவுறதும் நான்தான்" என்று அதற்கும் சிரிப்பார். முருகன் படத்துக்கு ஊதுபத்தி காட்டாமல் சாவியைத் திருப்ப மாட்டார். பொய் சொல்லவும் மாட்டார். அந்தப் பழைய வேன் அவ்வளவு தூரம் ஓடுவதற்கு இந்த இரண்டும்தான் காரணம் என்பது அவருடைய நம்பிக்கை.

அந்த ஆகஸ்ட் விடுமுறையோடு அனுமதித் தாளின் காலம் முடிந்தது. புதன்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும். அதற்குள் புதுத் தாள் கையில் இல்லையென்றால் டவுனில் போலீஸ் மறிக்கும். அதுகூடப் பரவாயில்லை. டவுனிலிருந்து ஸலீமுடைய புது வேன் தோட்டப்பக்கம் வரத் தொடங்கியிருந்தது. அதில் பாட்டுப் படம் எல்லாம் ஓடும். ஒரு நாள் அதில் ஏறிய பிள்ளை, மறுநாள் வீரய்யா வேனில் ஏறுமா? பதினேழு பிள்ளைகளும் போய்விட்டால் இவர் வேனை வைத்துக் கோழிதான் அடைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பதுளையில் அனுமதி கொடுக்கிற அரசாங்கக் கந்தோருக்குப் போனார். அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதமே ஆன சிற்றம்பலம் என்கிற கிளாக்கர் இருந்தார். தங்கமான மனுசன். ஆனால் அவர் பேசுகிற தமிழில் பாதிதான் வீரய்யாவின் காதுக்குள் போகும். மீதியை மரியாதையினால் தலையாட்டி வாங்கிக்கொள்வார்.

"சோதிக்கிற ஐயா இண்டைக்கு லீவு. பேந்து வாங்கோ" என்றார் சிற்றம்பலம்.

பேந்து என்றால் அவர் ஊரில் பிறகு என்று அர்த்தம். பிறகு வாருங்கள் என்றுதான் அவர் சொன்னது. வீரய்யாவின் காதிலோ அது 'பெயிண்டு வாங்கோ' என்று விழுந்தது. திரும்பி வெளியே நின்ற வேனைப் பார்த்தார். வெள்ளை வேன்தான். ஆனால் அங்கங்கே துரு பூத்துக் கிடந்தது. சார் சொல்வது நியாயம்தான் என்று பட்டது.

"எப்பக்குள்ளங்க சார்?"

"திங்கட்கிழமை ஐயா இருப்பார்."

"முழுசா வேணுங்களா, இல்ல கொஞ்சம் கொறையா இருந்தாலும் பரவால்லங்களா?"

சிற்றம்பலம் தாள்களை நினைத்துக்கொண்டு, "முழுசா வேணும். ஒண்டும் விடுபடக் கூடாது. குறை இருந்தால் ஐயா திருப்பி அனுப்பிப் போடுவார்" என்றார்.

வீரய்யா அங்கிருந்து நேரே றில்வானின் ஹாட்வெயார் கடைக்குப் போனார். எனாமல் விலையைக் கேட்டதும் அவருக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது.

"வீரய்யாண்ணே, ஒரு வேனுக்கு முழுசா எனாமல் அடிக்கணும்னா, அந்த வேனை வித்துத்தான் அடிக்கணும்" என்றான் றில்வான்.

அப்போதுதான் அம்மாள் வழிகாட்டினாள். தோட்டத்து மாரியம்மன் கோயில் சுவருக்குத் திருவிழாவில் அடித்து மீந்த மஞ்சள் பெயிண்ட் இரண்டு வாளி பூசாரியிடம் இருந்தது. அமாவாசைக்குக் கதிர்காமம் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்து அதை வாங்கி வந்தார். வீட்டு வாசலில் மனைவி கருப்பம்மா மறித்தாள்.

"ஏங்க, சாமிக்கு வாங்குனத வேனுக்குப் பூசுவீங்களா? கண்ணு அவிஞ்சு போயிரும்."

"பூசாரிதான் குடுத்தாரு புள்ள."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணா அவியட்டும்" என்றவள், அவர் திட்டுத் திட்டாகப் பூசுவதைப் பார்க்கப் பொறுக்காமல் தானே தூரிகையைப் பிடுங்கிக்கொண்டாள். ஞாயிறு சாயங்காலம் வேன் மஞ்சள் அரைத்துக் குளித்த மாதிரி நின்றது. திங்கட்கிழமை டவுனுக்குப் போகும் வழியில், கோயில் வண்டி என்று நினைத்து இரண்டு கிழவர்கள் கும்பிட்டார்கள்.

கந்தோர் வாசலில் சோதிக்கிற ஐயா வேனின் பதிவுப் புத்தகத்தை விரித்தார். வேனைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். அவர் சிங்களவர், தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவார்.

"புத்தகத்தில வெள்ளை. இங்க மஞ்சள். இது வேற வேன்."

"அதே வேன்தாங்க சார்."

"கலர் மாத்தினா கொழும்புக்கு எழுதணும். புத்தகத்தில மாத்தணும். அதுக்குப் பொறகுதான் நான் கையெழுத்து."

"எத்தன நாளாகுங்க சார்?"

அவர் வானத்தைக் காட்டிவிட்டு, "இண்டைக்கு மூணு மணி வரைக்கும் இருக்கேன்" என்று உள்ளே போய்விட்டார்.

சத்தம் கேட்டு சிற்றம்பலம் வந்தார். "ஆரின்ரை வேன் இது? உங்களுக்கு ஆர் பெயிண்ட் அடிக்கச் சொன்னது?"

"நீங்கதானங்க சார். பெயிண்டு வாங்க, முழுசா வேணும், ஒண்ணும் விடக் கூடாதுன்னீங்களே."

சிற்றம்பலம் தலையில் அடித்துக்கொண்டார். "நான் பேந்து வாங்கோ எண்டெல்லோ சொன்னனான்! பேந்து எண்டால் பிறகு!"

"பொறவா?" என்றார் வீரய்யா. "அத பொறவுன்னே சொல்லியிருக்கலாமேங்க சார்."

சிற்றம்பலத்துக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வேனில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். ஆனால் வீரய்யாவின் கண் கலங்கியிருந்தது. "புதன்கெழம ஸ்கூலுங்க சார். பதினேழு புள்ளைங்க" என்றதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. நிமிர்ந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் ஒரு கை முழுக்க மஞ்சள்.

"இதென்ன பெயிண்ட்?"

"கோயிலு செவுத்துக்கு அடிச்சதுங்க."

"தண்ணிப் பெயிண்டோ? அப்ப கழுவினால் போகுமே!"

தன் வாயால் வந்த வினை என்று அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சிற்றம்பலமும் வேனில் ஏறினார். டவுனுக்கு வெளியே, மலைத்தண்ணீர் குழாய் வழியே கொட்டுகிற ஒரு பீலியடியில் வேனை நிறுத்தினார்கள். கிளாக்கர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தேய்த்தார். வீரய்யா கூரை மேல் ஏறித் தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்தார். ஒவ்வொரு வாளிக்கும் "முருகா" என்றார். சிற்றம்பலம் ஒவ்வொரு வாளிக்கும் "என்ரை கடவுளே" என்றார். மஞ்சளோடு பல வருடத்துப் புழுதியும் போய், துருப் புள்ளிகளைத் தவிர வேன் வாங்கின நாளில்கூட இல்லாத வெள்ளையாக வந்தது.

இரண்டே முக்காலுக்குக் கந்தோர். சோதிக்கிற ஐயா வேனைச் சுற்றி வந்தார். பிரேக் சரி. சீட் சரி. புத்தகத்தில் வெள்ளை, வேனும் வெள்ளை. பின் கதவருகே நின்றார். கீலுக்குள்ளே பொச்சு போகாத இடத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. பேனாவால் சுரண்டினார்.

"இது என்ன?"

சிற்றம்பலம் எதிர்க் கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார். வீரய்யாவுக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொன்னால் தாள் போகும். உண்மையை எவ்வளவு சின்னதாகச் சொல்லலாம் என்று மனதுக்குள் அம்மாளைக் கேட்டார்.

"அம்மன் கோயிலு மஞ்சங்க சார்."

சோதிக்கிற ஐயாவின் முகம் மாறியது. "பூஜை போட்டதா?"

"அம்மா பேரச் சொல்லித்தாங்க சார் பூசினோம்."

அவர் பேனா முனையைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார். அந்த மஞ்சளை விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, முத்திரையைக் கொண்டுவரச் சொன்னார். சிற்றம்பலம் மஞ்சள் அப்பிய சட்டைக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மற்றக் கையால் அதை நீட்டினார்.