‘ஐயரே’ என்று ஏழு இடத்தில்

கிரேக்கத்தில் ‘எபிஸ்டாட்டா’ என்று ஒரு விளிச்சொல். மேலே நின்று வேலையைப் பார்ப்பவரே என்று பொருள். புதிய ஏற்பாட்டில் லூக்கா ஒருவர்தான் அதை எழுதுகிறார். ஏழே இடம், ஏழும் ஆண்டவரைக் கூப்பிடுவது, எண்ணியிருக்கிறேன். ஆறு சீஷர்கள் வாயில், ஒன்று தூரத்தில் நின்று கூப்பிட்ட பத்துக் குஷ்டரோகிகள் வாயில். ஏழையும் நம் பழைய வேதாகமம் ‘ஐயரே’ என்று போட்டிருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் காலத்தில் அது எந்தப் பெரியவருக்கும் பொருந்திய சொல்லாக இருந்திருக்கலாம். மயிலாப்பூரில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது தெருவில் இறங்கிக் கேட்டிருக்க வேண்டாமா?

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம், எங்கள் சபையில் ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களுக்குப் பாடம் சொல்லும் வேலை எனக்கு. அவர்களில் ஒருவர் தியாகராய நகரில் வீடு கட்டும் கொத்தனார், என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். எழுத்து தெரியாது, கேட்டே மனப்பாடம் செய்வார். சீஷர்கள் ராத்திரி முழுக்க வலை போட்டும் மீன் அகப்படாத கதையில் நான் ‘ஐயரே’ என்று வாசித்ததும் என்னை நிறுத்திவிட்டார்.

“இன்னா சார் இது? மாட வீதில கொல்லப்பக்கம் நின்னுக்கினு ‘ஐயரே, ஐயரே’ன்னு கத்திக் கத்தி தொண்ட போச்சு. இங்க வந்தா இங்கயும் ஐயருதானா?”

கிரேக்கப் பொருளைச் சொன்னேன்.

“அட, நம்ம மேஸ்திரி! அப்டியே சொன்னா இன்னா கேடு?”

ஒரு கேடும் இல்லை என்றேன்.

பரிசோதனை நாளில் போதகரோடு சேர்த்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். கொத்தனார் கதையைத் தடுமாறாமல் சொன்னார். “மேஸ்திரி, ராவெல்லாம் பாடுபட்டும் ஒண்ணும் மாட்டல” என்றதும் மூன்று பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை.

“மேஸ்திரியா? ஆண்டவர் என்ன, சாந்து குழைக்க ஆள் வைத்திருந்தாரா?”

“தச்சு வேல செஞ்சவருதான, சாமி?”

“திமிர்! அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

கொத்தனார் சொன்னதில் என்ன பிசகு? நான் எழுந்து, கிரேக்கத்தில் ஏழு இடம் என்று ஆரம்பித்தேன்.

“உம்முடைய கிரேக்கம் யாருக்கு வேண்டும்? உட்காரும்.”

உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அவர்மேல் வருகிற கோபத்தைவிட அந்த நாற்காலிமேல் வருகிற கோபம் அதிகம்.

பதிவேடு என்னிடம் இருந்தது. போதகர் சொல்லச் சொல்ல, கொத்தனார் பெயருக்கு நேரே ‘பாடம் தேறவில்லை’ என்று எழுதினேன். இரண்டு சொல், இரண்டும் பொய். கொத்தனார் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் எழுதினீங்க?”

“அடுத்த வருஷம்னு எழுதியிருக்கேன்” என்றேன்.

நம்பிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் வரவில்லை.