ஓட்டையோடு பிறந்த காசு

செண்பகனூர் ஸ்டெல்லா மேடம் இறந்த செய்தி எனக்குப் பூண்டுக் காட்டில் வந்தது. பால்காரர் வண்டியை நிறுத்தி, "அக்கா, ஒங்க மேடம் வெள்ளனே தவறிட்டாங்களாம்" என்றார். கைமண்ணைக்கூடத் துடைக்காமல் நடந்தேன்.

மேடத்திடம் பழங்காசைக் காட்டி நெசமா போலியா என்று கேட்க வந்த உங்களுக்கெல்லாம் டீ கொண்டுவந்து வைக்கிற செல்வியாக என்னைத் தெரியும். நினைவு மலருக்கு நீயும் எழுது என்று கேட்டீர்கள். ஏழாவதோடு நின்றவள் நான். தெரிந்ததை எழுதுகிறேன்.

ரோமாபுரித் தங்கக் காசு என்று யார் கொண்டுவந்தாலும் மேடம் அவசரப்பட மாட்டார். "காசு ரெண்டாயிரம் வருஷம் காத்திருக்கும். டீ ஆறிரும், குடிங்க" என்பார். பனி மூடியிருந்தால் வெயில் வரும்வரை உட்காரவைத்துவிடுவார். ஒருத்தர் பஸ் போய்விடும் என்று குதித்தார். "அடுத்த பஸ்ஸு இருக்கு. தப்பாச் சொல்லி அனுப்பிட்டா ஒங்கள நான் எங்க போய்த் தேடுவேன்?" என்றார் மேடம்.

பாலசமுத்திரத்தில் வாக்கப்பட்ட என் தங்கையும் ஒருநாள் ஒரு காசோடு வந்தாள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது அவள் வீட்டுக்காரர் கிணற்றடி வயலை அண்ணனுக்கு விட்டுவிட்டு, மாமியார் கழுத்தில் கிடந்த ராஜா தலைக் காசைத் தன் பங்காக வாங்கியிருந்தார். ரோமாபுரிக் காசு, வயலைவிட மேல் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார்.

மேடம் ஜன்னல் ஓரம் நின்று லென்ஸ் வைத்துப் பார்த்தார். ராஜா தலைக்கு மேலே கயிறு கோக்கிற ஓட்டையை எங்களையும் பார்க்கச் சொன்னார்.

"துளை போட்டிருந்தா உள்ள கருவி பட்ட தடம் இருக்கணும். இது மொழுமொழுன்னு கெடக்கு. எழுத்தும் சோப்பு கரைஞ்ச மாதிரி இருக்கு, ஊடால பொடிப்பொடியாக் குழி. ஓட்டை போட்ட நெசக் காசு ஒண்ண வச்சு அச்செடுத்து வார்த்திருக்காங்க. இது ஓட்டையோடவே பொறந்த காசு. தங்கம்தான், ரோம் இல்ல."

வயல் போச்சே என்று தங்கை அழுதாள். என்னால் தாங்க முடியவில்லை.

"நெசம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க மேடம். வாங்குறவன் பணக்காரன், அவனுக்கு என்ன கொறைஞ்சிரும்?"

"ஏமாந்து வாங்கட்டுங்கிறியா? ஒன் தங்கச்சி வீட்டுக்காரரும் அப்படி வாங்குனவர்தான செல்வி?"

அந்தக் கோபத்தில்தான் என் வாயில் இந்த வார்த்தை வந்தது. "ஒங்களுக்குக் கண்ணு போச்சு. புரை விழுந்த கண்ணை வச்சுக்கிட்டு ஊர்க் குடியைக் கெடுக்காதீங்க." உங்களில் இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தீர்கள். இந்தச் சோலியே வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த காசுகளை மேடம் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். "செல்வி சொன்னது சரியா இருந்தா, எத்தனை பேருக்குத் தப்பாச் சொன்னேனோ" என்று பால்காரரிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் காசை இன்னொரு தடவை நல்ல வெயிலில் பார்க்க வேண்டும், செல்விய அதோட வெரசா வரச் சொல்லுங்க என்று அவரிடமே சொல்லி அனுப்பினார். காட்டில் வேலை கிடக்கிறது என்று பதில் அனுப்பினேன். அன்றைக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றுதான் போகவில்லை.

அடக்கம் முடிந்த அந்த வாரமே தங்கை, பழனியிலிருந்து ஒரு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"மேடம் இதைப் பாத்தாகளாமே? அந்த வீட்டுல இருந்த ஆளு நீ. நீ சொன்னாப் போதும்மா" என்றார் அவர்.

தங்கை என் கையைப் பிடித்திருந்தாள். விரல் வலிக்க அழுத்தினாள்.

"வார்த்த காசுன்னு சொன்னாங்க."

"அவுகளுக்குத்தான் கண்ணு சரியில்லன்னு ஊரே பேசுச்சே?"

"அவங்க கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் வாய்க்கு வந்ததைப் பேசுனேன்."

தங்கை கையை விட்டுவிட்டாள். இப்போது போன் அடித்தாலும் எடுப்பதில்லை. அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும் மேடத்தை அப்படித்தானே காக்கவைத்தேன்.

மேடத்தின் லென்ஸும் தராசும் யாரிடம் போனதோ தெரியாது. என்னிடம் இருப்பது அவர் அந்தக் காசைப் பார்த்துச் சொன்ன சொல் ஒன்றுதான். அதை மாற்றாமல் ஒருமுறை சொல்லிவிட்டேன். அவர் கண் சரிதான் என்பதை, அவர் கேட்க உயிரோடு இருந்தபோது சொல்லவில்லை.