சந்தனம் வைத்த டிஸ்க்

"பேக்கப்பை வேற டிஸ்க்குக்கு மாத்தறப்ப வெட்டி ஒட்டாதீங்கம்மா. நகல் எடுத்து, ரெண்டு பக்கமும் அளவு ஒண்ணா இருக்குதான்னு பாத்துட்டு, அப்புறமா பழசை அழிங்க" என்று எனக்கு முதலில் சொன்னவள் என் சின்ன மகள் சுதா. போன ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வந்திருந்தபோது சொன்னாள். செல்போன் கடை என்றால் உடைந்த போனைச் சரிசெய்வதுதான் வேலை என்று நினைப்பார்கள். பாதி வேலை இடம் ஒழித்துக் கொடுப்பதுதான்.

குமாரபாளையத்தில் கடை. ரிப்பேர் என் வீட்டுக்காரர் பார்ப்பார். பத்தாவது படித்த நான், பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆரம்பித்தேன். கேட்கிறவர்களுக்குப் போனில் உள்ளதையெல்லாம் அதில் பேக்கப் எடுத்து வைப்பேன். ஒருநாள் கம்ப்யூட்டரே 'இடமில்லை' என்றது. உங்கள் போனும் ஒரு நல்ல காரியத்தின் நடுவில் இப்படிச் சொல்லியிருக்கும். அந்த எரிச்சல் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாலாயிரம் முருகன்

எங்களிடம் இருந்ததில் பெரிய பேக்கப் தறிக்கார வீட்டு ராஜேஸ்வரி அக்காவுடையது. அவர் போனில் காலை வணக்கத்தோடு வந்த சாமி படங்கள் மட்டும் நாலாயிரம் இருக்கும். ஒரே முருகனே முப்பது தடவை இருந்தார். இரண்டாம் தடவை வந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஒரு பேக்கப் எடுக்கட்டுமா என்று கேட்டேன். கேட்டேனே தவிர, எனக்கே கை வரவில்லை. அன்றைக்குப் பார்த்துக் கிருத்திகை.

அக்கா சொன்னார்: "சாமிய அழிக்கறதுக்கு நாம ஆருங்க? வேற டிஸ்க்குல குடி வெச்சுருங்க."

அந்த வாரமே தனியாக ஒரு டிஸ்க் வாங்கினோம்.

ஒருத்தர்கிட்ட இருந்தால் போதும்

எங்கள் தெரு செல்வம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறவர். வடக்கே போனால், அங்கே மழை பெய்யும் மாதங்களிலும் தீபாவளிக்கும்தான் வீட்டுக்கு வருவார். மகள் யாழினி பிறந்ததும், குப்புற விழுந்ததும், நடந்ததும், 'அப்பா' என்றதும் எல்லாம் அவருக்குப் போனில்தான். மனைவி லதா தினம் ஒரு வீடியோ எடுத்து அனுப்பும்.

ஆவணியில் வண்டி கிளம்புமுன் செல்வத்தின் போனை பேக்கப் எடுத்தேன். ஒரு வாரம் கழித்து, சுதா சொன்னபடியே அதைப் புது டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அளவு பார்த்து, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். இடம் கிடைத்த சந்தோஷத்தை அன்று கடைக்கு வந்த லதாவிடம் சொன்னேன். லதாவும் அப்படித்தானாம். போனில் இடம் பத்தாததால் வீடியோவை அனுப்பியதும் தன்னிடம் இருப்பதை அழித்துவிடுமாம். ஒன்றுகூட வைத்துக்கொள்வதில்லையா என்று கேட்டேன். அது சிரித்துக்கொண்டே சொன்னது: "அவருகிட்டத்தான் இருக்குதுங்களே அக்கா, ஒரு ஊட்டுக்கு ரெண்டு எதுக்குங்க?"

அறுநூறு அடிக்குக் கீழே

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் செல்வம் இன்னொருவர் போனிலிருந்து பேசினார். குழிக்கு மேல் குனிந்து பைப்பைப் பார்த்தாராம். சட்டைப் பையில் இருந்த போன் நேராக உள்ளே போய்விட்டது. ஆறரை அங்குலக் குழி, அறுநூறு அடி ஆழம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பாப்பா வீடியோ நம்மிடம் பத்திரமாக இருக்கிறதா என்று. இருக்கிறது, தீபாவளிக்கு வரும்போது புதுப் போனில் ஏற்றித் தருகிறேன் என்று தைரியமாகச் சொன்னேன்.

மனசு லேசானதும் அவருக்குப் பேச்சு வந்தது. போனுக்காக அவர் கண் கலங்கியபோது ரிக் மேனேஜர் ஆறுதல் சொன்னாராம்: "உடு செல்வம், தண்ணி வந்தா அதுவே மேல வந்துரும்."

பூஜை செய்த கை

போனை வைத்ததும் பீரோவைத் திறந்து டிஸ்க்கை எடுத்தேன். ஒயரைச் செருகினால் உள்ளே போகவில்லை. ஆயுதபூஜை அன்று ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் மிஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நான்தான். டிஸ்க்குக்கு மட்டும் நெற்றி எது என்று தெரியவில்லை. ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்ததா, அதில் சந்தனத்தைக் குழைத்து நன்றாக அப்பி, மேலே குங்குமமும் வைத்திருக்கிறேன். அதுதான் ஒயர் செருகுகிற வாய். சந்தனம் கல்லாய் இறுகியிருந்தது.

என் வீட்டுக்காரர் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார். உள்ளே பச்சை பூத்திருந்தது. ஒயர் போட்டும் விளக்கு எரியவில்லை. சாமிக்கு விளக்கேற்றி வைத்து நின்றேன். ஆனால் சாமியிடம் என்னவென்று முறையிடுவது? உனக்குப் பூஜை செய்ததால் கெட்டுப்போனது என்றா? என் வீட்டுக்காரர் திட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பொட்டு வெக்கச் சொன்னா, வாயில சோறே ஊட்டியுட்ருக்கற அம்மிணி."

பேக்கப் இல்லை என்றது

மறுநாள் அவர் டிஸ்க்கின் கூட்டைப் பிரித்தார். கெட்டது வெளிக்கூட்டின் வாய்தான். உள்ளே இருந்ததைக் கழற்றி வேறு கூட்டில் மாட்டியதும் விளக்கு எரிந்தது. நான் கும்பிட்டுவிட்டுத்தான் கோப்புகளைப் பார்த்தேன். எல்லாம் இருந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு செல்வம் புதுப் போனோடு வந்தார். கூடவே லதா, இடுப்பில் யாழினி. போனைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் 'பேக்கப் எதுவும் இல்லை' என்று வந்தது. லதா முகம் வாடிவிட்டது. ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தேன், அதையேதான் சொன்னது. பிறகுதான் உறைத்தது, பேக்கப்பை நான் வீடு மாற்றி வைத்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அது பழைய இடத்திலேயே தேடுகிறது. டிஸ்க்கிலிருந்து பழைய இடத்துக்கே திரும்ப நகல் எடுத்து, அங்கிருந்து போனில் ஏற்றினேன். ஒன்றரை மணி நேரம் யாரும் நகரவில்லை.

ஆவணிக்குப் பிறகு வந்தவை போனது போனதுதான். மற்றதெல்லாம் வந்துவிட்டது. யாழினி நடக்கிற வீடியோவைச் செல்வம் நாலைந்து தடவை பார்த்தார். யாழினி அதைக் கண்டுகொள்ளாமல் கடையை இரண்டு சுற்று சுற்றி வந்தாள். செல்வம் போனைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தபடி சொன்னார்: "இத்தன நாளும் இதெல்லாம் நேர்ல பாத்த மாதிரியேதானுங்க நெனச்சுட்டு இருந்தேன். போன் போனப்புறந்தான், நான் ஊர்லயே இல்லீங்கறது தெரிஞ்சுது."

இடம் ஒழிக்கிற வேலையில் நான் தெரிந்துகொண்டதெல்லாம், எல்லோரும் இன்னொருவர் பத்திரமாக வைத்திருப்பார் என்று நம்பித்தான் அழிக்கிறார்கள் என்பதே. அதனால் உங்கள் வீட்டில் யாராவது 'அவருகிட்டத்தான் இருக்குதே' என்று அழிக்கப் போனால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழிக்கச் சொல்லுங்கள்.