சிவப்புப் பொட்டு வைத்த வால்வு பாடி

சித்தூரில் எங்கள் ஷெட்டுக்கு வருவதெல்லாம் ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பாக்ஸ்தான். வருகிறவர்களிடம் பேசுவது என் மனைவியின் தம்பி. பேசக் கூச்சப்படும் நான் பின்னறையில் வால்வு பாடியைப் பிரித்துப் பார்ப்பேன். கியர் விழுவதற்கு எண்ணெயை வழி பிரித்து அனுப்பும் அலுமினியக் கட்டை அது. அதன் துளைகளுக்குள் விரல் நீள வால்வுகள் ஓடும். கழுவிக் காயவைத்துக் கட்டையைச் சாய்த்தால், வால்வு தன் கனத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் ஆடக் கூடாது. ஆடினால் துளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் கசியும், ஏற்றத்தில் வண்டி இழுக்காது.

தேறியதில் மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பேன். தேறாததில் ஒன்றும் இருக்காது. பதினொரு வருஷமாக வாயால் சொல்வதற்குப் பதில் அந்தப் பொட்டுதான்.

போன ஆடியில் திருப்பதி டாக்சிக்காரர் ஒருவருடையதைப் பொட்டு வைக்காமல் ஒதுக்கினேன். மூன்றாம் நாள் கார் போய்விட்டது. மச்சானுக்கு எங்கோ வேறு கட்டை கிடைத்திருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் கார் லாரி மேல் திரும்பி வந்தது. மலைப்பாதை வளைவில், உள்ளே குழந்தைகளோடு ஒரு குடும்பம் இருக்க, இழுக்காமல் பின்னால் உருண்டிருக்கிறது. ஓரச்சுவர் தாங்கியதால் யாருக்கும் அடியில்லை. பிரித்தேன். நான் ஒதுக்கிய அதே கட்டை. மேலே சிவப்புப் பொட்டு.

டாக்சிக்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மச்சான் என்னைக் கைகாட்டினான்.

"செக் பண்றது மாமாதான். அவரு பொட்டு வெக்காம நான் எதையும் மாட்றதில்ல."

என் முகத்தைப் பார்த்தே சொன்னான். நான் பேச மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். நான் பேசவும் இல்லை.

மறுநாள் பஸ் ஏறித் திருப்பதி டாக்சி ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நான் வேணாம்னு ஒதுக்கினது அது. அந்தப் பொட்டு நான் வெக்கல."

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"நேத்து அவரு சொல்லும்போது நீயும் அங்கதான நின்னுகினு இருந்த?"

ஆமாம் என்றேன்.

"அப்போ வா. அவரு முன்னாடியே சொல்லு."

இருவரும் சித்தூர் பஸ்ஸில் ஏறினோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மனைவியிடம் அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.