பற்றறிப் பந்தம்

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், ஏழாம் மாடி. பிளாட் வாங்கி வந்த புதிதில் என்னுடைய அலுமாரி லிப்டுக்குள் போகவில்லை. படியால் ஏற்றப் பார்த்தோம், திரும்புகிற இடத்தில் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் தச்சரைக் கூப்பிட்டு நடுவால் அறுத்து, மேலே கொண்டுவந்து பொருத்தினோம். என்ரை மனிசன் அன்றைக்கு, "என்னைக் கீழை இறக்கேக்கையும் தச்சரைக் கூப்பிடுங்கோ" என்று பகிடி விட்டார். நானும் சிரித்தேன். அவர் தன்ரை சாவைத்தான் சொன்னார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போன வருசம் அவர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டில் இருந்து எடுக்கவேணும் என்று நான் நின்றேன். சவப்பெட்டி லிப்டுக்குள் போகாது. படியிலும் திரும்பாது. என்ரை மகன் கட்டிட இஞ்சினியர், கல்கிசையில் ஒரு கம்பனியில் வேலை. அவன் லிப்ட் வாசலில் நின்றுகொண்டு சொல்கிறான்:

"சட்டப்படி இந்த அளவு காணும் அம்மா."

"ஆருக்குக் காணும்?"

"ஆறு பேர் நிக்கலாம்."

"கொப்பர் இனி நிக்கமாட்டார், ராசா."

அவன் போனை எடுத்து, பிரேதம் வைத்துச் சடங்கு செய்கிற மலர்ச்சாலைக்கு அடித்தான். வேறு வழி இல்லை. இந்த ஊரில் மாடி வீடுகளை எல்லாம் நிற்கிற ஆட்களுக்குத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

மலர்ச்சாலை புதுசு. கண்ணாடி வாசல், பளிங்குத் தரை, ஏசி. ஒரு மூலையில் கோப்பி மெசின். கதிரைகளைத் தியேட்டர் மாதிரி வரிசை வரிசையாய்த் தரையோடு பூட்டி வைத்திருந்தார்கள். பெண்கள் பிரேதத்தைச் சுற்றி இருந்து அழுகிறது எங்கள் வழக்கம். அங்கே சுற்றி இருக்க இடமே இல்லை. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, மேடையில் நாடகம் பார்க்கிற மாதிரி அவரைப் பார்க்கவேணும். கூரைக்குள் இருந்து புல்லாங்குழல் வேறு ஊதிக்கொண்டிருந்தது. நான் எழும்பிப் போய் அதை நிப்பாட்டச் சொன்னேன்.

அதெல்லாம் பொறுக்கலாம். பந்தம்தான் பொறுக்க முடியாமல் போனது.

எங்களில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கவேணும். தடியில் துணி சுற்றி, நெய்யில் தோய்த்துக் கொளுத்தி, பிரேதத்தைச் சுற்றி நிற்பார்கள். பெண்கள் நாங்கள் சுடலைக்குப் போவதில்லை. அதனால் அந்த வெளிச்சத்தில் பார்க்கிறதுதான் எனக்குக் கடைசிப் பார்வை. அவருக்கு மூன்று பேரப்பிள்ளைகள். பந்தத்தை நானே இருந்து சுற்றிக் கொண்டுபோயிருந்தேன்.

குருக்கள் ஐயா நெருப்புப்பெட்டியை எடுத்ததும் மனேஜர் ஓடிவந்தார்.

"ஐயா, ஐயா, வேண்டாம்! மேலை பாருங்கோ, சென்சர். கொஞ்சம் புகை போனாலும் எல்லா இடமும் தண்ணி அடிக்கும்."

"அப்ப இது செத்தவீட்டுக்குக் கட்டினதோ, மீன் வளக்கக் கட்டினதோ?" என்று கேட்டேன்.

"அம்மா, இது வெளிநாட்டிலை படிச்ச ஆர்க்கிடெக்ட் கீறின கட்டிடம். எல்லாம் ஸ்டாண்டட்டிலை இருக்கு." சொல்லிவிட்டு உள்ளே போய், மூன்று பிளாஸ்டிக் பந்தத்தோடு வந்தார். நுனியில் சின்ன பல்ப், அடியில் சுவிட்ச். "இப்ப எல்லாரும் இதைத்தான் பிடிக்கினம். புகையும் இல்லை, பிள்ளையளுக்கும் சேஃப்."

மகன் என் காதுக்குள், "விடுங்கோவன் அம்மா, ஆக்கள் பாக்கினம்" என்றான்.

"கொப்பர் என்ன, பற்றறியிலையோ ஓடினவர்?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்பிக்கு இடம் விட்டவர்களுக்கு, கார் விட நிழல் போட்டவர்களுக்கு, ஒரு நெருப்புக் கொளுத்த இடம் விடவேணும் என்று தோன்றவில்லையே! செத்தவீட்டு மண்டபம் கீறுகிறவன் ஒரு செத்தவீட்டுக்காவது போய்ப் பார்க்கிறதில்லையா?

குருக்கள் ஐயாதான் மெதுவாய், "வெளியிலை செய்யலாம். முன்வாசலுக்குக் கொண்டு போவம்" என்றார். அதற்கும் மனேஜரிடம் மறுப்பு. பெட்டி பின்வாசலால்தான் போகவேணுமாம், வான் அங்கேதான் வருமாம். பின்வாசலை எட்டிப் பார்த்தேன். ஜெனரேட்டரும் குப்பை வாளிகளும்.

நான் பெட்டி வைத்திருந்த தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்தேன். "என்ரை மனிசன் முன்னாலைதான் போவார். என்ரை கையை எடுத்துப்போட்டுப் பின்னாலை தள்ளுங்கோ பாப்பம்."

ஒருவரும் கிட்ட வரவில்லை. காவலாளி ஒரு சிங்களப் பெடியன், "அம்மே, எஹெம பே", அப்படி ஏலாது என்று தலையைச் சொறிந்தான். பிறகு மனேஜரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கண்ணாடிக் கதவு இரண்டையும் விரியத் திறந்து கையாலும் காலாலும் பிடித்துக்கொண்டான்.

வாசலில் தள்ளுவண்டி இறங்கச் சரிவு இல்லை, படிதான். மகனும் மருமகனும் மற்ற ஆண்களும் பெட்டியைத் தோளில் தூக்கி இறக்கினார்கள். கார் வந்து நிற்கிற இடத்தில் வைத்தோம். பந்தம் கொளுத்தினால் கடற்காற்று அணைக்கிறது. திரும்பக் கொளுத்த, திரும்பவும் அணைகிறது. சின்னப் பேத்தி அழத் தொடங்கிவிட்டாள். அப்போது என் தங்கச்சி சேலைத் தலைப்பை விரித்துக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே போய் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் மச்சாள், அவளுக்குப் பக்கத்தில் கீழ்மாடிப் பெண்கள். பந்தம் பிடித்துக்கொண்டது. நான் அவர் முகத்தை வடிவாய்ப் பார்த்தேன்.

இந்த மாதம் சந்தைக்குப் போகிற வழியில் அந்த முன்வாசல் தூணில் ஒரு பலகை கண்டேன். நெருப்புக் கொழுந்து ஒன்று கீறி, குறுக்கே சிவப்புக் கோடு. கீழே மூன்று பாசையிலும் எழுத்து. நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், நின்று தமிழில் இருந்ததை முழுவதும் வாசித்தேன். இவ்வளவு நாளில் ஒரு மூலையைத் திறந்து கூரையை உயர்த்தி விட்டிருக்கலாம். பலகை அடிப்பது லேசு.

அன்று சாப்பிடும்போது மகனிடம் சொன்னேன்:

"என்னை அங்கை கொண்டு போகாதை."

"அப்ப எங்கை அம்மா கொண்டு போறது? எல்லா இடமும் உப்பிடித்தானே."

"தெகிவளையிலை பத்து மாடி கட்டுறாய் எண்டு சொன்னனி. அந்த லிப்டுக்கை பெட்டி போகுமோ?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"போகுமோ எண்டு கேட்டனான்."

"அளந்து பாக்கிறன் அம்மா" என்றான். இன்றைக்கும் கேட்டேன். இன்னும் அளக்கவில்லையாம்.